சுகர், பிபி, ஹார்ட்: சாப்பாட்ட மாத்தி, நடக்க ஆரம்பிச்சப்ப மனசுல நின்னுபோன ஒரு சம்பவம் சொல்லுங்க

நடைக்காரன்
நானே ஆரம்பிக்கிறேன். சுகர் வந்து 14 வருஷம். நடை ஒரு நாள் விட்டதில்ல, காலைல முக்கா மணி நேரம், சீனி கிடையாது, பொரிச்சது கிடையாது, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டற டெஸ்ட்) 7.2ல நிக்குது, எல்லாம் சரியா போகுதுன்னுதான் நினைச்சேன். போன மாசம் நடந்துட்டு வந்து சாக்ஸ கழட்டினா ரத்தம். ஷூவ கவுத்துத் தட்டினேன், ஒரு சட்டை பட்டன் விழுந்துச்சு. அது மேல எத்தன நாள் நடந்தேன்னே தெரியல, ஒரு துளி வலி இல்ல.

ஆஸ்பத்திரில ஒரு சிஸ்டர் நைலான் இழை மாட்டின குச்சி ஒண்ணு எடுத்துட்டு வந்து, "கண்ண மூடிக்குங்க, தொடறது தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க"ன்னாங்க. மூடிட்டு உக்காந்திருக்கேன். ரொம்ப நேரமா ஒண்ணும் இல்ல. "ஆரம்பிங்க சிஸ்டர்"னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் மெதுவா, "வலது கால் முடிஞ்சுதுங்க ஐயா, இடது கால நீட்டுங்க"ன்னாங்க.

அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. சுகர்ல பாதத்து நரம்பு மரத்துப்போச்சு, தொட்டதே தெரியல. 14 வருஷமா ரிப்போர்ட்ல நம்பர பாத்தேன், பாதத்த ஒரு நாள் திருப்பிப் பாக்கல. உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருக்கும், எழுதுங்க.

இரவுப்பணி
ஐயா எழுதினத படிச்சதும் எழுந்து போய் என் ஷூவுக்குள்ள கை விட்டுப் பாத்தேன். என்னோடது சின்ன விஷயம்தான். சுகர் வர்ற எல்லைல இருக்கேன், ஹெச்பிஏ1சி 6.1. நைட் ஷிப்ட், சாப்ட்டா அப்படியே சீட்டுல உக்காந்துடுவேன். பக்கத்து சீட்டு அண்ணன் சுகர் மெஷின் வச்சிருப்பார், அவர்தான் ஒரு நாள் பாரேன்னார். சாப்ட்டு ஒரு மணி நேரம் கழிச்சு குத்தினோம், 178. மறுநாள் அதே சாப்பாடு, அதே அளவு, ஆனா கை கழுவின கையோட காரிடார்ல 20 நிமிஷம் நடந்தேன். அதே நேரம் குத்தினா 141. அண்ணன் நம்பல, மெஷின் கோளாறுன்னு இன்னொரு ஸ்ட்ரிப் போட்டார், 144.

தசை வேலை செய்யும்போது இன்சுலின் கைகொடுக்காமலே ரத்தத்துல இருந்து சர்க்கரைய உள்ள இழுத்துக்குமாம், இது அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு அந்த 144அ பாத்தப்ப கண்ணு கலங்கிடுச்சு. மாத்திரை இல்லாமலே குறையுதே, நம்ம காலுலயே மருந்து இருக்கேன்னு.

கணக்கு வாத்தியார்
இரவுப்பணி தம்பி, கோவிச்சுக்காதீங்க, "மாத்திரை இல்லாமலே"ன்னு பொதுவுல எழுதாதீங்க. என் மச்சான் இப்படித்தான் எதையோ படிச்சிட்டு நடந்தாலே போதும்னு மாத்திரைய நிறுத்தினார். மூணாவது மாசம் நாக்கு வறண்டு, பேச்சு குழறி, சுகர் 500ஐ தாண்டி ஐசியூல கிடந்தார். தண்ணி கேட்டு கைய ஆட்டினது இன்னும் கண்ணுல நிக்குது, அவ்வளவுதான் என் கதை.

ஆனா விஷயத்த முழுசா சொல்லிடறேன், ஏன்னா பாதி பாதியா எல்லாரும் பரப்பறாங்க. எல்லைல இருக்கறவங்க வேற, சுகர் வந்துட்டவங்க வேற. எல்லைல இருக்கறவங்கள வச்சு அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு, 2002ல முடிவு வந்துச்சு, 3,234 பேர். வாரம் 150 நிமிஷம் உடற்பயிற்சி, உடம்பு எடைல 7 சதவீதம் குறைக்கணும்னு ஒரு குரூப், மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை ஒரு குரூப், வெறும் டம்மி மாத்திரை ஒரு குரூப். டம்மி குரூப்போட ஒப்பிட்டா உடற்பயிற்சி குரூப்ல சுகர் நோய் வர்றது 58 சதவீதம் கம்மி, மெட்ஃபார்மின் குரூப்ல 31தான். இதுல தம்பி பக்கம்தான் நியாயம், ஒத்துக்கறேன்.

ஆனா வந்துட்டவங்களுக்கு? பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆய்வு பண்ணாங்க. சுகர் வந்து 6 வருஷத்துக்குள்ள இருக்கறவங்க, இன்சுலின் போடாதவங்க, இவங்க மட்டும்தான். நாளைக்கு சுமார் 850 கலோரி, அதுவும் 3 மாசத்துல இருந்து 5 மாசம் வரைக்கும் கூடவே ஆள் வச்சு கவனிச்சாங்க. ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாம ஹெச்பிஏ1சி 6.5க்கு கீழ நின்னுச்சு. ரெண்டு வருஷம் ஆனப்ப அது 36. இறங்குது பாருங்க. எடை திரும்பினா சுகரும் திரும்பும். 15 கிலோவும் அதுக்கு மேலயும் குறைச்சவங்களுக்குத்தான் முதல் வருஷத்துல 86 சதவீதம். அதனால யார் வேணும்னாலும் நிறுத்திடலாம்னு இதுக்கு அர்த்தம் இல்ல, டாக்டர் பாத்து ஒவ்வொண்ணா குறைக்கற விஷயம்.

இன்னொண்ணு, எல்லாரும் நடை நடைன்னு மட்டும் சொல்றோம். வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. சேர்ல இருந்து கை ஊணாம எழுந்து உக்காருங்க, 10 தடவை. செவுத்துல கை வச்சு தள்ளுங்க. அப்புறம் ஜூஸ். பழத்த பழமா கடிச்சு சாப்பிடுங்க, சக்கைய எறிஞ்சிட்டு தண்ணிய குடிச்சா சர்க்கரை சரசரன்னு ஏறும். ராத்திரி

(நீளமா போகுது, இதோட விடறேன்.)

இரவுப்பணி
சார், நான் மாத்திரைய நிறுத்தல, எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. எல்லைலன்னு எழுதியிருந்தேனே. மச்சானுக்கு இப்ப பரவாயில்லையா?

மழைத்துளி
வாத்தியார் சார், நிறுத்தினா மட்டும் ஆபத்து இல்ல. மாத்திரைய அப்படியே வச்சுக்கிட்டு சாப்பாட்ட குறைச்சாலும் ஆபத்துதான், அத யாரும் சொல்றதில்ல. அம்மாவுக்கு கிளிமிபிரைடு, சாப்பாடு குறைஞ்சாலும் அது பாட்டுக்கு சுகர இறக்கற மாத்திரை. நான்தான் நெட்ல பாத்து டயட் சார்ட் எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டினேன், மாவுச்சத்த பாதியாக்கினேன், சாயங்காலம் நடைய ஒரு மணி நேரம் ஆக்கினேன். அம்மா பாவம், நான் சொன்னா அப்படியே கேப்பாங்க.

அஞ்சாவது நாள் ஆபீஸ் விட்டு வர்றேன், கட்டில்ல உக்காந்து துண்டு மடிச்சிட்டிருக்காங்க. மடிச்சத பிரிக்கறாங்க, மறுபடி மடிக்கறாங்க, மறுபடி பிரிக்கறாங்க. அம்மான்னேன். நிமிந்து பாத்தாங்க, நான் யாருன்னு தெரியாத பார்வை. நெத்தில இருந்து வேர்வை ஒழுகி துண்டுல சொட்டுது. மெஷின்ல 46. முழுங்க முடிஞ்சுதேன்னு மூணு ஸ்பூன் சீனிய தண்ணில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுத்தேன், 15 நிமிஷம் கடிகாரத்தயே பாத்துட்டு உக்காந்திருந்தேன், அப்புறம் 83. அதுக்கப்புறம் அம்மா கேட்ட முதல் வார்த்தை, "ஏன்டி அழற?"

டாக்டர் டோஸ பாதியாக்கினார். சாப்பாட்ட மாத்தறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மான்னார், திட்டக்கூட இல்ல. அந்த சார்ட்ட கிழிச்சுட்டேன், டேப் ஒட்டின தடம் இன்னும் ஃபிரிட்ஜ்ல இருக்கு.

உப்புக்கல்
மழைத்துளி, உங்க மேல தப்பு இல்லப்பா. எங்க மாமாவுக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். பிபி, கூடவே கிட்னி கொஞ்சம் வீக்கு, கிரியாட்டினின்னு கிட்னி டெஸ்ட்ல 2க்கு மேல. உப்பு நாளைக்கு 5 கிராமுக்கு கீழ இருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு சோடியம் கம்மியான உப்பா பாத்து வாங்கினோம். ரெண்டு மாசத்துல கால் தளர்ந்துபோச்சு, எழுந்து நிக்க முடியல. ரத்தத்துல பொட்டாசியம் 6.4, ரொம்ப ஜாஸ்தி, ஈசிஜி மாறியிருக்கு, ஆளாளுக்கு ஓடறாங்க. ஒரு சின்ன வயசு டாக்டர் மட்டும் நின்னு, வீட்ல என்ன உப்பு போடறீங்கன்னு கேட்டாங்க. பாக்கெட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, ரெண்டு விரலால பெரிசு பண்ணி பெரிசு பண்ணி, அடில ஒரு வரிய என்கிட்ட காட்டினாங்க. பொட்டாசியம் குளோரைடு.

சோடியத்த எடுத்துட்டு அந்த இடத்துல இதத்தான் போடறாங்க. கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு அது பிபிய குறைக்கும், நல்லதுதான். கிட்னி வீக்கா இருந்து ராமிப்ரில் மாதிரி பிபி மாத்திரையும் எடுத்தா பொட்டாசியம் வெளிய போகாம தேங்கும். கடுகு சைஸ் எழுத்துல அத போட்டிருந்தா வயசானவங்க எப்படிப் படிப்பாங்க? எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல.

ஸ்டியரிங்
22 வருஷம் பஸ் ஓட்டினேன். அட்டாக், ஸ்டென்ட், அப்புறம் ஆறு வாரம் கழிச்சு படி ஏறச் சொன்னாங்க. வெறும் 12 படி. முதல் படில கால வச்சிட்டு நிக்கறேன், ஏற மாட்டேங்குது, காலுக்கு ஒண்ணும் இல்ல, பயம். பிசியோ பொண்ணு பக்கத்துல நின்னு, "பேசிட்டே ஏறுங்கண்ணா, பேச முடியற வேகம்தான் உங்க வேகம், மூச்சு வாங்கி பேச்சு நின்னா நீங்களும் நில்லுங்க"ன்னுச்சு. நான் ஓட்டின ரூட்டுல இருக்கற ஸ்டாப் பேரெல்லாம் வரிசையா சொல்லிட்டே ஏறினேன். பன்னண்டாவது ஸ்டாப்ல மேல நின்னேன்.

அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு, 1953லயே லண்டன்ல ஜெரி மோரிஸ்னு ஒரு டாக்டர் பஸ்காரங்களையே ஆராய்ச்சி பண்ணி எழுதினாராம். நாள் முழுக்க மாடி பஸ்ல ஏறி இறங்கற கண்டக்டருங்கள விட உக்காந்தே ஓட்டற டிரைவருங்களுக்கு ஹார்ட் வியாதி ஜாஸ்தியாம். ஒரே பஸ்சு, ஒரே புகை. என் கண்டக்டர் என்னைவிட ரெண்டு வயசு மூத்தவர், இன்னும் கல்லு மாதிரி இருக்கார்.

கணக்கு வாத்தியார்
ஸ்டியரிங் அண்ணே, ஒரு திருத்தம். அவரே அப்புறம் 1956ல யூனிபார்ம் அளவ எடுத்துப் பாத்திருக்கார், டிரைவருங்களுக்கு வேலைக்கு சேரும்போதே இடுப்பு பெரிசு. அதனால சீட்ட மட்டும் குறை சொல்ல முடியாது. (தம்பி, மச்சான் இப்ப நல்லா இருக்கார், கேட்டதுக்கு நன்றி.)

ஸ்டியரிங்
இருக்கலாம் சார். நான் சேரும்போது என் இடுப்பு 30. ரிடையர் ஆகும்போது 40. அந்த பத்தும் சீட்டுல உக்காந்துதான் வந்துச்சு.

நடைக்காரன் ஐயா, புண்ணு ஆறுச்சா? நடைய விட்டுட்டீங்களா?

நடைக்காரன்
ஆறிட்டு வருது. அந்தக் கால ஊணவே கூடாதுன்னுட்டாங்க, சேர்ல உக்காந்து கைக்கு தண்ணி பாட்டில் தூக்கறேன், வாத்தியார் எழுதின சேர்ல எழுந்து உக்காரறது, செவுரு தள்றது ரெண்டும் புண்ணு மூடினப்புறம்னு டாக்டர் சொல்லிட்டார். தினம் ராத்திரி கண்ணாடி வச்சு பாதத்த பாக்கறோம், நானும் பேத்தியும். பட்டன் அவ சட்டையோடதுதான். அவகிட்ட இன்னும் சொல்லல.