காயில்ஓவர் போட்டதும் முன்பக்கம் 'டொக்': பிரீலோடா, லிங்க் ராடா?

செம்மண்சாலை
காரைக்குடி வண்டி. முன்னால மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்குற ஷாக் தூண்), பின்னால டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற தண்டு). முழு நீளமும் மாத்தக்கூடிய காயில்ஓவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்னா, மரையைத் திருப்பி உயரம் மாத்துறது), முன்பக்கம் 35 மி.மீ. இறக்கியிருக்கு. ரெண்டு சத்தம். தெரு வேகத்தடைல மெதுவா ஏறி இறங்கினா இடது பக்கம் 'டொக்'. நின்ன இடத்துல ஸ்டியரிங் ஒடிச்சா 'டொய்ங்'. ஷாக்கோட கெட்டியை மாத்த 32 கிளிக் (படி), இப்ப நடுவுல நிக்குது. பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிற அளவு) ஏத்தினா சரியாயிடும்னு சொல்றாங்க. செய்யலாமா?

கல்லல் ஸ்பேனர்
செய்யலாம் தம்பி. ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைத் தொங்க விடுங்க. ஸ்பிரிங்கைக் கையால பிடிச்சுச் சுத்துங்க. லேசா சுத்திச்சுன்னாலோ மேல கீழ ஆடினாலோ அது இருக்கையை (ஸ்பிரிங் உட்கார்ற தட்டு) விட்டு விலகி மறுபடி உட்கார்ற சத்தம். லாக் ரிங்கை (அந்தத் தட்டைப் பூட்டுற வளையம்) இளக்கி, சி-ஸ்பேனரால (கொக்கி மாதிரி சாவி) இருக்கையை ஸ்பிரிங் தொடுற வரை ஏத்துங்க. அதுக்கு மேல 5 மி.மீ. மரை இடைவெளி 2 மி.மீ.ன்னா இரண்டரைச் சுற்று. சுத்துற கணக்கை மட்டும் நம்பாம ரெண்டு பக்கமும் ஸ்கேல் வெச்சு அளக்கணும்.

பள்ளத்தூர் டாம்பர்
இதை நான் ஒத்துக்க மாட்டேன். மெதுவா போற வேகத்தடைல சக்கரம் முழுசா தொங்குறதே இல்லை, அப்புறம் ஸ்பிரிங் எப்படி லூஸ் ஆகும்? முதல் சந்தேகம் லிங்க் ராடு (வளைவுல வண்டி சாயாம பிடிக்கிற ஆன்டி ரோல் பாரைச் சக்கரப் பக்கத்தோட இணைக்கிற குட்டிக் கம்பி) மேல வரணும். 35 மி.மீ. இறக்கிட்டு கம்பெனி லிங்க் ராடையே மாட்டினா ஆன்டி ரோல் பாரோட நுனி மேல தூக்கிக்கும், பால் ஜாயின்ட் கோணம் கடைசிக்குப் போயிடும், சில வண்டில பாரே டிரைவ் ஷாஃப்ட்ல (சக்கரத்தைச் சுத்துற தண்டு) இடிக்கும். ரெண்டு பக்க லிங்க் ராடையும் கழட்டி, பார் எங்கேயும் உரசாம கம்பியால கட்டிட்டு, அதே வேகத்தடைல நடை வேகத்துல போங்க. சத்தம் நின்னா இறக்கின உயரத்துக்குப் பொருந்துற நீளத்துல லிங்க் ராடு வாங்குங்க. ஒரு பக்கம் மட்டும் கழட்டினா பார் முறுக்காது, சோதனை தெளிவா இருக்காது. கழட்டின நிலையில வளைவுல வண்டி சாயும், அதனால தெருவைத் தாண்டாதீங்க.

கல்லல் ஸ்பேனர்
வேகத்தடை சரி அண்ணே. ஆனா நம்ம ஊரு வீடுகளோட முகப்புச் சறுக்குல வண்டியைக் குறுக்கா ஏத்திப் பாருங்க. ஒரு சக்கரம் அமுங்கும், எதிர்ப்பக்கம் அந்தரத்துல தொங்கும். அங்கயும் அதே 'டொக்' வந்தா பிரீலோடாவும் இருக்கலாம்.

பள்ளத்தூர் டாம்பர்
அந்தச் சோதனை நல்ல சோதனை, ஏத்துக்கிறேன். ஆனா ஒன்னை விட்டுட்டீங்க. 5 மி.மீ. பிரீலோடு ஏத்தினா வண்டியும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். ஒரே அளவு கெட்டியான ஸ்பிரிங் இதனால இன்னும் கெட்டியாகாது. தொங்குற தூரம்தான் குறையும். பழைய உயரம் வேணும்னா கீழ் பிராக்கெட்டை (ஷாக் உடம்பு மரையோட நுழையிற பிடி) அதே அளவு உள்ள திருப்பணும். உயரத்துக்கு பிராக்கெட், ஸ்பிரிங்குக்கு இருக்கை. ரெண்டையும் குழப்பிக்கிறதுலதான் பாதி சத்தமே பிறக்குது.

தேவகோட்டை டார்க்
ரெண்டு பேரும் மேல் மவுண்டை (ஸ்ட்ரட்டோட தலையை வண்டி உடம்புல பிடிக்கிற பகுதி) மறந்துட்டீங்க. பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட் மேல் நட்டு மேல நாலு விரலை வைங்க. இன்னொருத்தர் வண்டியோட மூலையை அமுக்கட்டும். விரல்ல 'டிக்'னு தட்டினா நட்டு இறுகலை, இல்ல பில்லோ பால் (மவுண்டுல இருக்கிற உலோகக் குண்டு மூட்டு) தேஞ்சிருக்கு. ஏர் கன் வேண்டாம், ராடு சுத்தி சீல் போயிடும். ராடை ஆலன் கீயால பிடிச்சுட்டு நட்டை இறுக்கி, கடைசில கையேட்டுல இருக்கிற அளவுக்கு டார்க் வைங்க.

லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடிக்கிற கை) போல்ட்டை எப்படி இறுக்கினாங்கன்னும் கேளுங்க. சக்கரம் தொங்கும்போது இறுக்கியிருந்தா, வண்டி தரையில உட்கார்ந்ததும் ரப்பர் புஷ் முறுக்கியே நிக்கும். முதல்ல கிறீச்சிடும், அப்புறம் கிழியும். வண்டி எடை நாலு சக்கரத்துலயும் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு.

கல்லல் ஸ்பேனர்
'டொய்ங்' ஸ்பிரிங் முறுக்கி விடுபடுற சத்தம். இருக்கையில கிரீஸ் தடவினா போயிடும்.

பள்ளத்தூர் டாம்பர்
கிரீஸ் வேண்டவே வேண்டாம். நம்ம செம்மண் புழுதி அதுல ஒட்டினா உப்புத்தாள் மாதிரி அரைக்கும், மரையும் வீணாகும். ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி ஸ்பிரிங் மேல கை வைங்க. வழுக்காம குதிச்சா மேல இருக்கிற பேரிங் இறுகிப்போச்சு, அல்லது வாஷர் இல்லாம மாட்டியிருக்காங்க. பேரிங்கைச் சரிபண்ணி டெஃப்லான் வாஷர் போடுங்க. மரையை நைலான் பிரஷ்ஷும் தண்ணியும் வெச்சுத் தேய்ச்சுக் காய வெச்சா போதும்.

கல்லல் ஸ்பேனர்
மூடின பேரிங்குக்குள்ள கிரீஸ் இருக்கத்தான் வேணும், அதைச் சேர்த்துக்குங்க. மரையில கிரீஸ் வேண்டாம்னு நீங்க சொல்றது சரி.

செம்மண்சாலை
கிளிக்கை மாத்தணுமா?

தேவகோட்டை டார்க்
சத்தம் போகிற வரை தொடாதீங்க. அப்புறம் எண்ணும்போது மெதுவா முழு கெட்டி வரைக்கும் மூடி, அங்கேருந்து வெளியே எண்ணுங்க. முழு மெத்துப் பக்கத்துலேருந்து எண்ணினா ரெண்டு ஷாக்கும் ஒன்னா இருக்காது. ரீபவுண்டு (அமுங்கின ஷாக் திரும்ப நீள்றது) ரொம்பக் கெட்டியா இருந்தா அடுத்தடுத்த வேகத்தடைல வண்டி படிப்படியா அமுங்கி பம்ப் ஸ்டாப்பை (ஷாக் கடைசி வரை போகாம தடுக்கிற ரப்பர்) தொடும். அதைப் பார்க்க ஷாக் ராடுல ஒரு கேபிள் டை கட்டி, ஷாக் உடம்போட ஒட்ட நகர்த்தி வெச்சு ஓட்டுங்க. அது மேல ஏறி நிக்கிற இடம்தான் ராடு உள்ள போன ஆழம்.

உயரம் மாறின பிறகு டோ அளவு (மேலேருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற கோணம்) கண்டிப்பா மாறியிருக்கும். எல்லா போல்ட்டும் இறுகின பிறகு அலைன்மெண்ட் போடுங்க.

செம்மண்சாலை
முதல்ல லிங்க் ராடு கழட்டுறேன்.

கல்லல் ஸ்பேனர்
அதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கைச் சுத்திப் பாருங்க. ஜாக்கியும் ஒரு கையும் போதும்.