தக்காளியின் அடி கறுக்கிறது, அடுத்து எந்தச் சோதனை?

நீள்வடிவ ரோமா தக்காளி, மணற்பாங்கான மண், சொட்டுநீர்ப் பாசனம். நட்டு ஏழு வாரம் ஆகிறது. முதல் கொத்துக் காய்கள் எலுமிச்சை அளவு வந்ததும் பூ உதிர்ந்த முனையில் நீர் கோத்த திட்டு ஒன்று தெரிகிறது. சில நாளில் அது கறுத்து, தடித்து, உள்ளே அமுங்கிவிடுகிறது. இலைகளில் ஒரு புள்ளிகூட இல்லை. காய்க்குக் கால்சியம் போதாதபோது வரும் முனை அழுகல் என்றே நினைக்கிறேன்.

பல்கலைக்கழக வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைச் சோதித்தாயிற்று. கார அமில நிலை 6.7, கால்சியம் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று அறிக்கை. ஆக, மண்ணில் இருப்பது காய்க்குப் போய்ச் சேரவில்லை. கால்சியம் நைட்ரேட் தெளித்துப் பார்த்தேன், பலன் இல்லை (இலையில் விழுந்த கால்சியம் காய்க்கு இறங்காது என்பது தெரிந்ததுதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை). செடி கால்சியம் எடுப்பதைக் குறைக்கும் அம்மோனியம் உரங்களை நிறுத்தினேன். தண்ணீரைக் காலை, மாலை என்று பிரித்து விடுகிறேன், மூடாக்கும் போட்டாயிற்று. சில செடிகளைப் பிடுங்கியும் பார்த்தேன்; வேரில் நூற்புழு முடிச்சு இல்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. சொட்டுவான் வாயில் வெள்ளையாக உப்புப் படிகிறது. குழாயின் கடைசியில் இருக்கும் செடிகளில்தான் பாதிப்பும் அதிகம்.

நிலையத்துக்கு அடுத்து அனுப்ப வேண்டியது எது: உப்புத்தன்மை பார்க்கப் பாசன நீரா, சத்துப் பகுப்பாய்வுக்கு இலையா?