வாய்ப் புற்றுநோய்க் கலத்தைப் பிடிக்க ஆர்.என்.ஏ சென்சர்: டோஹோல்ட் சுவிட்ச் மனுசக் கலத்துல சரிவருமா?

வந்தாறுமூலை_தங்கச்சி:
அண்ணாமார் அக்காமார், ஒரு உதவி. நான் பைனல் இயர், ப்ரொஜெக்ட்டுக்கு வாய்ப் புற்றுநோய்க் கலத்துக்குள்ள மிர்-21 எண்ட மைக்ரோ ஆர்.என்.ஏ (சின்ன ஆர்.என்.ஏ துண்டு) கூடினா பச்சையா ஒளிர்ற சென்சர் ஒண்டு டிசைன் பண்ணுவம் எண்டு நினைச்சன், 2014ல கிரீன், காலின்ஸ், யின் ஆக்கள் காட்டின டோஹோல்ட் சுவிட்ச் எண்ட ஆர்.என்.ஏ சுவிட்ச் மாதிரி. சேர் பார்த்துட்டு, இது பக்டீரியாவுக்குச் சரி, மனுசக் கலத்துல எப்பிடி எண்டு கேட்டார், எனக்குப் பதில் வரல்ல. எங்கட பக்கம் வெத்திலை போடாத வீடு குறைவு, அம்மம்மாட கன்னத்துக்கு உள்பக்கம் ரெண்டு மாசமா ஒரு வெள்ளைப் படை இரிக்கு, அதப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தத் தலைப்பே எடுத்தன்.

ஒலுவில்_லெப்:
பக்டீரியாவுல புரதம் செய்ற ரைபோசோம், செய்முறை எழுதியிரிக்கிற எம்.ஆர்.என்.ஏல நேரா வந்து குந்துற இடம் ஒண்டு இரிக்கு தங்கச்சி, டோஹோல்ட் சுவிட்ச் அந்த இடத்தைக் கொண்டை ஊசி மாதிரி மடிச்சு மறைச்சு வெச்சிரிக்கும், தேடுற ஆர்.என்.ஏ வந்து ஒட்டி மடிப்பை உரிச்சாத்தான் புரதம் வரும். மனுசக் கலத்துல ரைபோசோம் எம்.ஆர்.என்.ஏட முன் நுனியில (5') இரிக்கிற கேப் எண்ட மூடியில ஏறி ஊர்ந்து வரும், வழியில மடிப்பு வந்தா பல நேரம் அதையும் பிரிச்சிட்டுப் போயிரும். மறுகா, மிர்-21 ஏறக்குறைய 22 எழுத்து (நியூக்ளியோடைட்) தான், அதுவும் எம்.ஆர்.என்.ஏய வெட்டுற ஆர்கோநோட் புரதத்துட பிடியில கிடக்கும், சும்மா மிதந்து வந்து உங்கட மடிப்பைத் திறக்காது.

அந்தப் பிடியையே பயன்படுத்துங்க. பச்சையா ஒளிர்ற ஜி.எஃப்.பி புரதத்துட எம்.ஆர்.என்.ஏல 3' பக்கத்துல (கடைசி நுனிப் பக்கம்) மிர்-21க்கு முழுசாப் பொருந்துற வரிசைய நாலு தரம் வையுங்க, மிர்-21 கூடின கலத்துல ஆர்கோநோட் வெட்டும், பச்சை மங்கும். கூடவே அந்த வரிசை இல்லாத சிவப்புப் புரதம் ஒண்டு போட்டு ரெண்டுட விகிதத்தைப் பாருங்க. பச்சைய மட்டும் பார்த்தா டி.என்.ஏ உள்ள போகாத கலமும் புற்றுநோய்க் கலம் மாதிரித்தான் தெரியும், நான் அதுல மூணு கிழமை வீணாக்கினன்.

வாவிக்கரை:
மிர்-21 ஒண்ட மட்டும் நம்பாதீங்க, புண் ஆறேக்கையும் அழற்சியிலயும் அது கூடும், சுண்ணாம்பு பட்டு வெந்த வாயிலயும் கூடியிரிக்கலாம். 2011ல பெனன்சன், வைஸ் ஆக்கள் ஹீலா எண்ட புற்றுநோய்க் கலத்தை அடையாளம் பிடிக்க, சில மைக்ரோ ஆர்.என்.ஏ கூடியிருக்கோணும் சிலது குறைஞ்சிருக்கோணும் எண்டு சேர்த்துத்தான் பார்த்தாங்க, எல்லாம் பொருந்தினாத்தான் கலத்தைச் சாகடிக்கிற புரதம் உருவாகும்.

கல்முனை_பல்_நேர்ஸ்:
தங்கச்சி, அம்மம்மாவ இந்தக் கிழமையே ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண்ணோ படையோ எண்டா காட்டத்தான் வேணும், சின்னத் துண்டு எடுத்து பயொப்சி பார்ப்பாங்க. வெள்ளைப் படை எல்லாம் புற்றுநோய் இல்ல. வாய் திறக்க இறுக்கமா இரிக்கா எண்டும் கேளுங்க.

வந்தாறுமூலை_தங்கச்சி:
இப்பதான் திறக்கச் சொல்லிப் பார்த்தன் அக்கா, ரெண்டு விரல்தான் போகுது, சோத்தை சின்னச் சின்ன உருண்டையா உருட்டிச் சாப்பிட்டது இதுக்குத்தான் போல, நான் கவனிக்கவே இல்ல. நாளைக்குக் காலமையே கூட்டிட்டுப் போறன். ஒலுவில் அண்ணா, அந்த நாலு வரிசைக்கும் இடையில எத்தனை எழுத்து விடுறது?