பன்றி வெட்டிக் காயப்பட்ட நாயை இந்தக் கொரோனா ஊரடங்கில் எங்கே கொண்டுபோவது?

கச்சான்தோட்டம் (விசுவமடு)
அவசரம். நேற்றிரவு கச்சானுக்குள் (நிலக்கடலை) காட்டுப்பன்றி இறங்கி, காவலுக்கு நிற்கும் எங்கள் நாய் வீரனைப் பின்னந்தொடையில் வெட்டிவிட்டுப் போய்விட்டது. விடியப் பார்த்தால் கொட்டிலுக்குக் கீழே கிடந்து நக்கிக்கொண்டிருக்கிறான், ஒரு சாண் நீளத்துக்குத் தோல் பிரிந்து சதை தெரிகிறது. இரத்தம் நின்றுவிட்டது. தண்ணீர் குடிக்கிறான், சோற்றை மணந்துவிட்டு முகத்தைத் திருப்புகிறான்.

2021 ஆகஸ்ட் 20 இல் போட்ட ஊரடங்கைக் கிழமைக்குக் கிழமை நீட்டிக்கொண்டே போகிறார்கள். கிட்ட உள்ள மிருக வைத்தியர் அலுவலகத்துக்குக் காலையில் இருந்து போன் எடுக்கிறேன், மணி அடிக்கிறதே தவிர எடுப்பாரில்லை. நாய் பார்க்கிற தனியார் டொக்டர் என்றால் எனக்குத் தெரிந்து கிளிநொச்சியில்தான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன், சந்தியில் மறித்துவிட்டார்கள். நாய்க்கு மருந்து என்றதும் "நாய்க்கோ?" என்று ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவர் பசுமாட்டுக்கு மருந்து என்றார், அவரை விட்டார்கள்.

பாஸ் எடுக்க வழி உண்டா? அதுவரைக்கும் என்ன செய்ய? மனிசி பனடோல் பாதி கரைத்துப் பருக்கட்டா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறா.

மல்லாவி அக்கா
தம்பி, முதலில் அந்தப் பனடோலைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கச் சொல்லுங்கோ. பூனைக்கு ஒரு குளிசையே உயிரை எடுத்துவிடும், நாய்க்கும் அளவு பிசகினால் ஈரல் போய்விடும். மூட்டு நோவுக்கு நாங்கள் போடுகிற இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் அதைவிட மோசம், வயிறு புண்ணாகி இரத்தமாகப் போகும், சிறுநீரகத்தையும் பிடிக்கும்.

இப்போது செய்யக்கூடியது கழுவுவதுதான். கடிக்காத நாய் என்றாலும் நோவில் கடிக்கும், வாயைத் துணியால் தளர்வாகக் கட்டிவிட்டுத் தொடுங்கோ. ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு, தட்டையாக. ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சால் காயத்துக்குள் பீச்சி அடியுங்கோ, மண்ணும் மயிரும் வெளியே வரும்வரைக்கும், ஒரு லீற்றர் போதாவிட்டால் இன்னொரு லீற்றர். கற்பூரமும் தேங்காயெண்ணெயும் பூசச் சொல்லி ஆரும் வருவார்கள், நாய் அதை நக்கினால் கற்பூரம் நஞ்சு. பன்றியின் கொம்பு மேலே சின்னதாகக் கீறி உள்ளே ஆழமாகப் போயிருக்கும், அதனால் நீங்களே தைக்கவோ இறுக்கிக் கட்டவோ போகாதீர்கள், உள்ளே சீழ் கட்டிவிடும். ஆறேழு மணித்தியாலம் தாண்டிய காயத்தை டொக்டர்மாரே பல நேரம் திறந்துதான் விடுவார்கள். மெல்லிய துணியால் இலையான் மொய்க்காமல் மூடுங்கோ, இந்த வெயிலுக்கு ஒரு நாளில் புழு வைத்துவிடும்.

உதட்டைத் தூக்கி முரசை (பல் ஈறை) பாருங்கோ. வெளிறியிருந்தால், அல்லது வயிற்றில், நெஞ்சில் இன்னொரு ஓட்டை இருந்தால், பாஸ் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, போகத்தான் வேண்டும்.

செட்டிகுளத்தான்
சனம் ஒட்சிசன் இல்லாமல் சாகுது, இங்கே நாய்க்குப் பாஸ் கேட்கினம். நாய் கொரோனாவைக் காவும் என்றும் சொல்கிறார்கள். சங்கிலியில் கட்டிவிட்டுப் பேசாமல் இருங்கோ.

அக்கராயன் வாய்க்கால்
செட்டிகுளத்து அண்ணை, நீங்கள் காடு பக்கம் தோட்டம் செய்யவில்லை போல. வீரன் இல்லாமல் இவர் இன்னும் மூன்று இரவு விட்டால் கச்சான் முழுக்கப் பன்றிக்குத்தான், பிறகு நிவாரணப் பொதிக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கொரோனாக் கதையும் தலைகீழ். மிருகங்களுக்கு எங்களிடம் இருந்துதான் பெரும்பாலும் தொற்றுகிறது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் தோர் என்ற சிங்கத்துக்கு இந்த ஜூனில் கொரோனா வந்ததே, அது என்ன சந்தைக்கா போனது? நாயிடம் இருந்து நாங்கள் பயப்பட வேண்டியது விசர்நோய் (ரேபிஸ்). எங்கள் பக்கம் இரண்டு வருடமாக விசர் ஊசி போட ஒருவரும் வரவில்லை, தெருவில் குட்டிகள் பெருகிவிட்டன. கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி, அதற்கு எந்த ஊரடங்கும் தடை இல்லை.

பாஸ் விசயம். ஊரடங்கிலும் விவசாயத்துக்குத் தடை இல்லை என்றுதானே சொல்கிறார்கள். நீங்கள் "வளர்ப்பு நாய்" என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். கிராம சேவகரிடம் "பயிர்க் காவல் நாய், காட்டுப் பன்றி தாக்கியது" என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். பொய்யா? இல்லைத்தானே. எனக்கு ஒருமுறை அப்படித்தான் கிடைத்தது, ஆனால் ஒன்றரை நாள் இழுத்தடித்தார்கள்.

அதைவிடக் குறுக்கு வழி பால் வண்டி. பால் சேகரிக்கிற வண்டி தினமும் காலையில் ஓடுகிறது, அதை ஒருவரும் மறிப்பதில்லை. டொக்டரிடம் வட்ஸ்அப்பில் காயத்தைக் காட்டி மருந்துச் சீட்டு எழுதுவியுங்கள், சாரதி தெரிந்தவர் என்றால் வாங்கிக்கொண்டு வந்து தருவார்.

புதுக்குடியிருப்பு
வட்ஸ்அப்பை நம்பி மட்டும் இருக்காதீர்கள். மே மாதம் எங்கள் பொலிஸ் பிரிவையும் முள்ளியவளை, முல்லைத்தீவையும் தனிமைப்படுத்தினார்களே, அந்த நேரம்தான் என் நாய்க்குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தது. இரண்டரை மாதக் குட்டி, அந்தக் கிழமைதான் தடுப்பூசிக்குக் கொண்டுபோக இருந்தேன், தடுப்பூசி அட்டையில் திகதிகூட எழுதியிருந்தது. சத்தி, பிறகு இரத்தமாக வயிற்றால் போனது. டொக்டர் நல்ல மனிசன், இரவு பதினொரு மணிக்கும் வீடியோவில் பார்த்தார், ஆனால் சேலைன் ஏற்ற வேண்டிய நோய்க்கு வீடியோவில் என்ன செய்ய? ஜீவனியை (உப்புச் சீனிக் கரைசல்) சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன், விட்டதெல்லாம் திரும்ப வந்தது. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருடம்கூடக் கிடக்குமாம், அதனால் முற்றம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

காயம் என்றால் படத்தில் பாதி தெரியும். ஒரு ரூபாய்க் குற்றியைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் அளவு விளங்கும், நிறையையும் சொல்லுங்கள், நிறை தெரியாமல் மருந்து எழுத மாட்டார்கள்.

கச்சான்தோட்டம் (விசுவமடு)
நான்கு நாளாகிவிட்டது, பதில் போடாததற்கு மன்னிக்கவும், போனில் காசு இல்லை. எல்லோருக்கும் நன்றி, செட்டிகுளத்து அண்ணைக்கும்தான், கோபம் வந்து இரண்டாம் முறை கிராம சேவகரிடம் போனது உங்களால்தான்.

பாஸ் இன்னும் வரவில்லை. பால் வண்டிதான் கைகொடுத்தது. நிறை பார்க்க, நெல்லு நிறுக்கிற தராசில் நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், பிறகு தனிய ஏறிக் கழித்தேன், 19 கிலோ. டொக்டர் எழுதிக் கொடுத்ததைச் சாரதி அடுத்த நாள் காலை கொண்டுவந்து தந்தார், சம்பளம் வேண்டாம் கச்சான் காய்த்தால் தா என்றார். காயம் அடியில் இருந்து சிவந்து மேலே வருகிறது, மணம் இல்லை. நேற்றுச் சோறு தின்றான்.

நக்காமல் இருக்கப் பெயின்ற் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறோம். கொட்டில் கால் எல்லாவற்றிலும் மோதிக்கொண்டு திரிகிறான். நேற்றிரவு பன்றி திரும்ப வந்தது. கட்டிப்போட்டிருந்தாலும் அந்த வாளிக்குள் இருந்து அவன் குரைத்த குரைப்பில் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் டோர்ச்சோடு எழும்பி வந்துவிட்டார்.