அபாய அழைப்புள்ள கடல் வானொலி: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

கேள்வி:
வணக்கம். ஏழு மீட்டர் நீளமுள்ள என் படகுக்கு அபாய அழைப்பு வசதியுள்ள (பொத்தானை அழுத்தினால் தானாகவே உதவி கோரும்) வி.எச்.எஃப். எனும் கடல் வானொலி வாங்க எண்ணியுள்ளேன். நிலையாகப் பொருத்துவது நல்லதா, கையடக்கமானதே போதுமா?

பதில் 1:
நிலையான கருவியையே முதலில் வாங்குங்கள். அதன் திறன் 25 வாட். கையடக்கக் கருவிகளில் பெரும்பாலும் 5 அல்லது 6 வாட்தான். எனினும் இந்த வானொலி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், ஆன்டெனாவின் உயரமே தொலைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. படகின் மின்சாரம் நின்றுபோகும் வேளைக்குக் கையடக்கக் கருவி நல்ல துணை.

பதில் 2:
எம்.எம்.எஸ்.ஐ. எனும் 9 இலக்க அடையாள எண்ணைப் பதியாவிட்டால் அபாய அழைப்பு இயங்காது. பல கருவிகளில் ஓரிரு முறைக்கு மேல் அதை மாற்ற இயலாது. அவசரத்தில் ஓர் இலக்கத்தைத் தவறாக இட்டதால், என் கருவியை விற்பனையாளரிடமே திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஜி.பி.எஸ். இணைப்பையும் மறக்காதீர்கள், ஏனெனில் அது இல்லாமல் உங்கள் இருப்பிடம் அழைப்போடு தானாகச் செல்லாது.

பதில் 3:
உடன் வருவோருக்கும் கற்றுக்கொடுங்கள். கடலில் விழுந்தவர் நீங்களாகவே இருக்கலாம். மூடியைத் திறந்து சிவப்புப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் 70ஆம் சேனலில் அழைப்பு செல்லும். பின்னர் 16ஆம் சேனலில் உயிராபத்தைக் குறிக்கும் ‘மேடே’ என்ற சொல்லை மும்முறை கூறி, படகின் பெயர், இடம், ஆபத்து, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். சோதனைக்காக அந்தப் பொத்தானை ஒருபோதும் அழுத்தாதீர்கள்.