பழைய பாரிசைக் காத்தது யார்: மெரியோனின் செப்புத்தகடா, மார்வில்லின் கண்ணாடித்தகடா?

('செப்புத்தகடு' ஓவியர் மெரியோனுக்காகவும், 'ஈரத்தகடு' புகைப்படக்காரர் மார்வில்லுக்காகவும் வாதிடுகிறார்கள்.)

செப்புத்தகடு:
பாரிசின் ஆட்சியராக ஓஸ்மான் 1853இல் பொறுப்பேற்று இடித்துத் தள்ளிய பழைய பாரிசை நமக்குக் காத்துத் தந்தவர் ஷார்ல் மெரியோன்தான் என்பது என் உறுதியான கருத்து. நிறக்குருட்டினால் வண்ணங்களைக் கைவிட்ட இந்த முன்னாள் கடற்படை அதிகாரி, 1850 முதல் 1854 வரை செப்புத்தகட்டில் கீறி, அமிலத்தில் அரித்து உருவாக்கிய எச்சிங் படங்களில் நகரத்தின் உயிரே தங்கியிருக்கிறது. மார்வில்லின் புகைப்படங்களில் அதை நான் காணவில்லை.

ஈரத்தகடு:
மெரியோன் காத்தது தம் மனத்தை, நகரத்தை அல்ல. 1850இல் 'சிறுபாலம்' (பெத்தி போன்) என்ற பாலத்தைக் காட்டும் படத்தில் நோத்ர தாம் பேராலயக் கோபுரங்களை இருப்பதைவிட உயர்த்திவிட்டார். 1865இல் கடற்படை அமைச்சகத்தின் மேல் வானத்தில் கடல் விலங்குகளையே பறக்கவிட்டார். ஷார்ல் மார்வில்லோ, மாநகராட்சி கேட்டுக்கொண்டபடி, இடிபடவிருந்த தெருக்களை 1860களில் நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் பதிவுசெய்தார். நடுவே சாக்கடை ஓடும் தெருவையும், ஈரத்தில் மின்னும் பாவுகற்களையும், சுவர்களில் ஒட்டிய விளம்பரங்களையும் அவற்றில் இன்றும் பார்க்கலாம்.

செப்புத்தகடு:
அந்தத் தெருக்களில் மனிதர்கள் எங்கே? ஈரமாக இருக்கும்போதே படமெடுக்க வேண்டிய கொலோடியன் பூசிய கண்ணாடித்தகட்டுக்குப் பல நொடிகள் ஒளி தேவைப்பட்டதால், நடந்து சென்றவர்கள் பதியாமலே போனார்கள். கோபுரங்களைப் பொறுத்தவரை, ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அவை எழும் விதத்தைக் காட்டவே மெரியோன் இரண்டு பார்வைக் கோணங்களை இணைத்தார். புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ க்ரே தம் கடற்காட்சிகளில் வானத்துக்கு ஒன்றும் நீருக்கு ஒன்றுமாக இரண்டு நெகட்டிவ்களை இணைத்தபோது அதைக் கலை என்கிறோமே!

வாசகர்:
கவிஞர் பொதலேர் 1859ஆம் ஆண்டு ஓவியக் கண்காட்சி பற்றிய ஒரே கட்டுரைத் தொடரில், புகைப்படத்தைக் கலைகளின் பணிப்பெண்ணாக இருக்கச் சொல்லிக் கண்டித்தார். மெரியோனை மனமாரப் புகழவும் செய்தார். இந்த விவாதம் அன்றே தொடங்கிவிட்டது.

ஈரத்தகடு:
லெ க்ரே பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பொதலேரின் கண்டனத்தைக் காலம் ஏற்கவில்லை. பழைய பாரிசை 1890களின் இறுதியிலிருந்து படமெடுத்த புகைப்படக்காரர் அத்ஜே, தம் படங்களைக் 'கலைஞர்களுக்கான ஆவணங்கள்' என்றே விற்றார். அந்த எளிய ஆவணங்களே பின்னாளில் நவீனப் புகைப்படக் கலைக்கு வழிகாட்டின.

செப்புத்தகடு:
1926இல் அத்ஜேயின் படங்களைத் தம் இதழில் வெளியிட்ட, கனவையும் ஆழ்மனத்தையும் போற்றிய கலை இயக்கத்தினரான சர்ரியலிஸ்டுகள் அவற்றைத் தெருவின் அளவுக்குறிப்புகளாகவா பார்த்தார்கள்? பழகிய நகரத்தில் ஒரு கனவைக் கண்டதால்தான் வெளியிட்டார்கள். அந்தக் கனவை, கோபுரங்களை உயர்த்தியபோதே மெரியோன் செப்பில் கீறிவிட்டார்.