சாயங்காலம் 5 மணிக்கு வந்தவனுக்கும் அதே கூலியா?

மூணாறு மேட்டுக்காரன்:
ஞாயிறு ஆராதனையில் மத்தேயு 20, திராட்சைத் தோட்ட உவமை. விடியற்காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் 5 மணிக்கு வந்தவனுக்கும் எசமான் ஒரே பணம்தான் கொடுக்கிறார். எங்கள் சபையில் பாதிப்பேர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள். 'இது என்ன நியாயம்?' என்று ஓர் அக்கா கேட்டார். 'அதுதான் கிருபை' என்று போதகர் முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை.

பாறசாலை வாசகன்:
போதகர் சொன்னது சரிதான் அண்ணே. உழைத்தவனுக்குக் கொடுப்பது கடன், கிருபை அப்படியல்ல என்று ரோமர் 4ல் பவுல் பிரித்தே சொல்கிறார். சம்பளப் பிரச்சினையை இதற்குள் இழுக்காதீர்கள்.

மூணாறு மேட்டுக்காரன்:
இழுக்காமல்? 2015ல் எஸ்டேட் கம்பெனி 20 சதவீத போனஸை 10 ஆகக் குறைத்தபோது 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று தொழிலாளிப் பெண்கள் இங்கே ரோட்டில் உட்கார்ந்தார்கள். கிருபை கேட்டா உட்கார்ந்தார்கள்?

பாலக்காட்டு கத்தோலிக்கன்:
மனுஷன் பக்கம் ஒன்றுமே இல்லை என்று எங்கள் சபை சொல்வதில்லை. முதல் அருளை யாரும் சம்பாதிக்க முடியாது, ஆனால் அதோடு ஒத்துழைக்க வேண்டும். 1547லேயே எங்கள் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் சொன்னது இது. மனுஷன் கடவுள் முன் நீதிமானாவது எப்படி என்பது பற்றி 1999ல் லூத்தரன்காரர்களோடு கையெழுத்தான கூட்டறிக்கைக்குப் பிறகு இந்தச் சண்டை பாதி ஓய்ந்துவிட்டது. நீங்கள்தான் இன்னும் விடவில்லை :)

சும்மா கேட்கிறேன்:
சங்கம், அறிக்கை எல்லாம் சரி. கேரளத்து தலித் போதகர் பொய்கையில் யோகன்னான் ஏன் சபையை விட்டு வெளியே போனார்? சபை மாறிப் பார்த்தும் சாதி கூடவே வந்தது. கடைசியில் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை என்று தனியாகத் தொடங்கினார். கடவுள் முன் சமம், கோவில் பெஞ்சில் கிடையாது.

நெய்யாற்றின்கரை டீச்சர்:
எல்லோரும் பணத்தையே பார்க்கிறீர்கள். 12ஆம் வசனத்தில் முதலில் வந்தவர்களின் முணுமுணுப்பைப் பாருங்கள். பேசிய கூலியில் அவர்களுக்கு ஒரு காசு குறையவில்லை. பிந்தி வந்தவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீரே என்பதுதான் எரிச்சல். நம் திருவிதாங்கூரிலும் இதே கதைதான். தோள்சீலைக் கலகத்துக்குப் பிறகு 1859ல் வந்த அரச ஆணை, நாடார் பெண்கள் மார்பை மூடலாம் என்றது; ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாதாம்! இவர்கள் மூடினால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?
தம்பி மூணாறு, அந்த எசமான் பேசியதைக் கொடுத்த பிறகுதான் தாராளம் காட்டினார். கொடுக்க வேண்டியதையே குறைத்த கம்பெனிக்கு இந்த உவமையில் இடமில்லை. அக்காவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பாறசாலை வாசகன்:
அழகாகச் சொன்னீர்கள் டீச்சர். ஆனால் பெஞ்சுக்கும் இரட்சிப்புக்கும் என்ன சம்பந்தம்?

நெய்யாற்றின்கரை டீச்சர்:
பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், கந்தல் கட்டினவனுக்குக் கால்மாடு. யாக்கோபு 2ல் இதற்குத்தானே கண்டிப்பு? சம்பந்தம் இல்லாமலா மெனக்கெட்டு எழுதினார்?

பாறசாலை வாசகன்:
கண்டிக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கிருபை பெற்றவனின் நடக்கை, கிருபைக்கான நிபந்தனை அல்ல. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

சும்மா கேட்கிறேன்:
நிபந்தனை வேண்டாம் அண்ணே. நடக்கையையாவது எந்தச் சபையில் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், அங்கே வருகிறேன்.